பொதியில் நாட்டின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காபியைப் பற்றி எழுதும்போது பலரும் ஒரு வாய்பாட்டை ஒப்பிக்கிறார்கள். எத்தியோப்பியா என்றால் பூமணம், கென்யா என்றால் புளிப்பு, பிரேசில் என்றால் சாக்லேட், சுமத்ரா என்றால் மண்வாசனை. வாய்பாடு முழுப் பொய் இல்லை. ஆனால் அதை நம்பிப் பொதி வாங்குகிறவர் பல நேரம் ஏமாந்துபோகிறார். ஏமாந்ததும் தன் நாக்கைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். விளையும் இடம் சுவையைத் தீர்மானிக்கிறது என்பது சரி. எப்படித் தீர்மானிக்கிறது என்பதில்தான் குழப்பம். மண்ணின் ருசி வேர் வழியாக ஏறிக் கொட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. ஓர் இடத்தின் குளிரும் மழையும் தண்ணீர் வசதியும் அங்கே எந்தச் செடியை நடலாம், பழத்தை எப்படிப் பறிக்கலாம், எப்படிக் காயவைக்கலாம் என்பதை முடிவு செய்கின்றன. கோப்பையில் நாம் குடிப்பது பெரும்பாலும் அந்த முடிவுகளைத்தான்.

முதலில் உயரம். பொதிகளில் "கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர்" என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். உயரத்துக்கென்று தனிச் சுவை கிடையாது. குளிருக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவுதான். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். அராபிகா என்ற காபி இனத்துக்கு ஏற்ற ஆண்டுச் சராசரி 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். அந்த வரம்பின் குளிர்ந்த ஓரத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும். வெப்பமான சரிவில் பூத்து 6, 7 மாதங்களில் பறிப்புக்கு வரும் பழம், குளிரில் 8, 9 மாதங்கள் எடுத்துக்கொள்ளும். அந்தக் கூடுதல் நாள்களில் விதை நன்றாக முற்றி அடர்த்தியாகிறது, கொழுப்புச் சத்து கூடுகிறது, எலுமிச்சையையும் ஆப்பிளையும் நினைவூட்டும் புளிப்பு துலக்கமாகிறது. வறுக்காத பச்சைக் கொட்டையைக் கையில் எடுத்தாலே ஓரளவு தெரியும்: குளிரில் முற்றிய கொட்டையின் நடுப்பிளவு பொதுவாக இறுக்கமாக மூடியிருக்கும், வெப்பத்தில் விளைந்ததில் பிளவு அகன்று வாய் திறந்திருக்கும். கௌதமாலாவில் 1,350 மீட்டருக்கு மேல் விளைந்ததை "மிகக் கடினக் கொட்டை" என்று தனித் தரமாகவே பிரிக்கிறார்கள். பெயர் உயரத்தைச் சொல்லவில்லை, கடினத்தைச் சொல்கிறது. சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

குளிர்தான் கணக்கு என்று புரிந்துவிட்டால், உயர எண்களை நாடு விட்டு நாடு ஒப்பிடுவது எவ்வளவு பேதைமை என்பதும் புரியும். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக, குளிரைத் தேடி அவ்வளவு மேலே ஏற வேண்டியதில்லை. கொலம்பியாவின் தெற்கில் நரீனோ பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைதான். அங்கே 2,000 மீட்டரைத் தாண்டியும் காபி காய்க்கிறது. ஹவாயின் கோனா பகுதி ஏறத்தாழ 19 பாகை வடக்கில் இருக்கிறது. தோட்டங்கள் பல 300, 600 மீட்டர் உயரத்தில்தான். பிற்பகலில் மலைச்சரிவை மூடும் மேகம் வெயிலைத் தடுத்துக் குளிர்ச்சியைக் கொடுத்துவிடுகிறது. பிரேசிலின் தெற்கு மினாஸ் 21 பாகை தெற்கில், பெரும்பாலும் 800 முதல் 1,300 மீட்டர் வரை. கோனாவின் 600 மீட்டரைப் பார்த்து "தாழ்நிலக் காபி" என்று ஒதுக்குபவர் எண்ணைத்தான் சுவைக்கிறார், காபியை அல்ல.

மேலே போகப் போக நல்லது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அராபிகா உறைபனியைத் தாங்காது. 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் விழுந்த ஒரே உறைபனி அங்கிருந்த காபித் தோட்டங்களைக் கருக்கிவிட்டது. உலகச் சந்தையே ஆட்டம் கண்டது. கௌதமாலாவின் வேவேதெனாங்கோவில் 2,000 மீட்டர் வரை பயிரிட முடிவதற்குக் காரணம், மெக்சிகோவின் தெவாந்தெபெக் சமவெளியிலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்று. அந்தக் காற்று இல்லையென்றால் அதே உயரம் செடிக்கு ஆபத்துதான்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, அமிலத்தன்மை 5 முதல் 6 வரையிலான பிஎச் அளவில் இருந்தால் நல்லது. எரிமலைச் சாம்பல் மண் இவற்றை ஒருங்கே தருவதால் கௌதமாலாவின் அன்டிகுவாவிலும் கென்யாவின் மத்திய மலைகளிலும் செடி செழிக்கிறது. "எரிமலைச் சுவை" என்று பொதியில் எழுதுவது விளம்பரக்காரரின் கைவேலை.

மழைதான் பெரிய விஷயம். காபி மொட்டுகள் வறட்சியில் உறங்கிக் கிடந்து, முதல் மழை பட்டதும் சில நாள்களில் ஒருசேரப் பூக்கின்றன. வறட்சியும் மழையும் தெளிவாகப் பிரிந்திருக்கும் பிரேசிலில் பெரும்பாலான பழம் ஏறத்தாழ ஒரே காலத்தில் முற்றுகிறது. நிலமும் பல இடங்களில் சமமாக இருப்பதால் இயந்திரத்தை ஓட்டியோ கிளையை உருவியோ மொத்தமாகப் பறித்துவிடுகிறார்கள். பறிக்கும் மாதங்களில் மழை குறைவு. ஆகவே பழத்தை முழுசாகவே களத்தில் பரப்பிக் காயவைக்க முடிகிறது. தோலும் சதையும் ஒட்டியபடி காயும்போது புளிப்பு அடங்கி, இனிப்பும் கனமும் கூடுகின்றன. பிரேசிலின் நிலக்கடலை, சாக்லேட் சுவைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. இதிலுள்ள தவறும் அங்கிருந்தே வருகிறது: உருவிப் பறித்ததில் பழுக்காத காயும் சேர்ந்துவிடும். வறுத்தபின் மற்ற கொட்டைகளுக்கு நடுவே வெளிறிய மஞ்சளாக நிற்பவை அவைதான். அரைப்பதற்கு முன் பொறுக்கி எறிந்தால் காகிதம் மென்றது போன்ற சப்பென்ற சுவை போய்விடும்.

நிலநடுக்கோட்டை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உள்ள இடங்களில் கதை வேறு. கொலம்பியாவிலும் கென்யாவிலும் ஒரு பெரிய அறுவடை, ஒரு சிறிய அறுவடை என்று இரண்டு வரும். ஒரே கிளையில் பூவும் காயும் பழமும் சேர்ந்து நிற்கும்; திரும்பத் திரும்ப வந்து பழுத்ததை மட்டும் கையால் பறித்தாக வேண்டும். ஈரக் காற்றில் முழுப் பழத்தைக் காயவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மலை ஓடைகளில் தண்ணீர் உண்டு. எனவே தோலை நீக்கி, வழவழப்பான பசையை 12 முதல் 36 மணி நேரம் புளிக்கவிட்டுக் கழுவிக் காயவைக்கும் முறை வேரூன்றியது. பழச் சதை சீக்கிரமே நீங்கிவிடுவதால் விதையின் சொந்தப் புளிப்பும் மணமும் மறைப்பின்றித் தெரிகின்றன. "சுத்தமான கோப்பை" என்று ருசி பார்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். புளிக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்தால் கெட்டது. வெப்பமான தாழ்வில் 12 மணி நேரத்தில் முடிவது குளிர்ந்த உச்சியில் 30 மணி நேரம்கூட ஆகலாம். ஒரு கைப்பிடியை எடுத்துக் கழுவித் தேய்க்க வேண்டும்; வழுக்காமல் மணல் போலச் சொரசொரத்தால் பசை விட்டுவிட்டது. அதற்குமேல் விட்டால் காடி வாடையடிக்கும். தொட்டியின் சந்து பொந்தில் மாட்டிக்கொண்ட பழைய கொட்டை ஒன்றிரண்டு அழுகினால், அவை ஒரு முழுக் கோப்பையைக் குடிக்க முடியாததாக்கிவிடும்.

சுமத்ராவின் மண்வாசனைக்கு மண்ணைக் குற்றம் சொல்வது பெரிய அநியாயம். அங்கே தெளிவான வெயில் காலம் கிடைப்பதில்லை. உள்தோலோடு கொட்டை முழுதும் காயும்வரை காத்திருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே உழவர் தோல் நீக்கி, ஓர் இரவு புளிக்கவிட்டுக் கழுவி, அரைகுறையாகக் காய்ந்ததும் விற்றுவிடுகிறார். வாங்கியவர் ஈரப்பதம் 30, 35 சதவீதத்தில் இருக்கும்போதே உள்தோலை உரித்து, வெற்றுக் கொட்டையைக் காயவைக்கிறார். "கிலிங் பாசா" என்பது இதன் பெயர். ஈரத்தில் உரிப்பது என்று பொருள். காப்புத் தோல் இல்லாத கொட்டை விரைவாகக் காயும், நீலம் பாய்ந்த கரும்பச்சை நிறம் கொள்ளும், புளிப்பை இழக்கும், மூலிகை, ஈரக் கட்டை, புகையிலை போன்ற மணங்களைப் பெறும். ஈரத்தில் மென்மையாக இருக்கும்போதே இயந்திரத்தில் அடிபடுவதால் சில கொட்டைகளின் முனை ஆட்டுக் குளம்பு போலப் பிளந்துவிடும். அந்த ஊரில் அதற்குப் பெயரே ஆட்டு நகம் என்பதுதான். அதே சுமத்ராக் கொட்டையைக் கழுவி, உள்தோலோடு 11, 12 சதவீதம் வரை காயவைத்தால் வாய்பாட்டில் சொன்ன மண்வாசனை பெரும்பாலும் காணாமல் போகும்.

எத்தியோப்பியா இதற்கு இன்னும் நேரடியான சாட்சி. யிர்கசெஃபே பகுதியில் கழுவும் முறை 1970களில்தான் வந்தது. அதற்கு முன் எல்லாம் முழுப் பழமாகக் காய்ந்தவை. இன்றும் ஒரே மலைச்சரிவின் பழத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கழுவியும் ஒரு பாதியை உயர்த்திக் கட்டிய வலைப் படுக்கைகளில் முழுசாகவும் காயவைக்கிறார்கள். கழுவியதில் மல்லிகையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். முழுசாகக் காய்ந்ததில் புளூபெர்ரி, பழுத்த ஸ்ட்ராபெர்ரி, சில சமயம் ஒயின். மண் ஒன்று, உயரம் ஒன்று, செடி ஒன்று; வேறுபட்டது இரண்டு மூன்று வாரக் கைப்பாடு மட்டும். இந்த முறையில் பழத்தைப் படுக்கையில் கனமாகக் குவித்தாலோ, நாளுக்குப் பலமுறை கிளறாமல் விட்டாலோ, பழமணம் நாட்பட்ட மதுவின் நெடியாக மாறும். நடுப்பகல் வெயிலில் மூடாமல் விட்டு 40 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். பச்சைக் கொட்டையாகச் சில மாதங்களிலேயே மணமிழந்து போகும்.

அறுவடைக்குப் பின்னும் இடம் தன் வேலையைச் செய்யும் என்பதற்கு மலபார் கடற்கரையின் பருவக்காற்றுக் காபி நல்ல எடுத்துக்காட்டு. உலர்ந்த கொட்டையைத் திறந்த கிடங்குகளில் பரப்பித் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைக் குடிக்க விடுகிறார்கள். வாரக்கணக்கில் கிளறி மாற்றியபின் கொட்டை ஊதி, வெளிர் பொன்னிறமாகி, புளிப்பை ஏறக்குறைய முழுதும் இழந்து கனமான காபியாகிறது. செடி வளர்ந்த மலைக்கும் இந்தச் சுவைக்கும் உள்ள உறவைவிட, கடற்காற்றுக்கும் இதற்கும் உள்ள உறவே நெருக்கம்.

செடியின் ரகத்தை மறந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ஏமனிலிருந்து ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவை மிகச் சில விதைகளே. டிபிகா, போர்போன் என்ற இரண்டு குடும்பங்கள் உலகின் பெரும்பகுதியை நிரப்பின. எத்தியோப்பியாவின் காடுகளில் மட்டும் எண்ணற்ற நாட்டு ரகங்கள் தங்கிவிட்டன. அந்நாட்டுக் காபியின் பூமணத்தில் பாதி இந்தப் பன்மைக்குச் சொந்தம் என்பது எங்கள் கணிப்பு. கென்யாவின் புகழ்பெற்ற பிளாக்கரன்ட் பழப் புளிப்பில் 1930களில் ஸ்காட் ஆய்வகம் தேர்ந்தெடுத்த எஸ்எல் 28, எஸ்எல் 34 ரகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐயம் இருப்பவர்கள் பனாமாவைப் பார்க்கலாம். எத்தியோப்பியாவில் சேகரிக்கப்பட்ட கெய்ஷா ரகம் தான்சானியா, கோஸ்டா ரிகா ஆராய்ச்சிப் பண்ணைகள் வழியாக 1960களில் பனாமா வந்து, கண்டுகொள்வாரில்லாமல் கிடந்தது. 2004இல் பொகேத்தே பகுதியின் எஸ்மரால்டா தோட்டம் அதைத் தனியாகப் பிரித்துப் போட்டிக்கு அனுப்பியபோது மல்லிகையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழமும் மணந்து எல்லாரையும் திகைக்க வைத்தது. பக்கத்திலேயே நின்ற மற்ற ரகங்களில் அந்த மணம் இல்லை. பனாமாவின் மண்ணுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க முடியுமா? ஆனால் இதே ரகத்தைத் தாழ்வான வெப்பநிலத்தில் நட்டால் மணம் மங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரகம் வரம்பைத் தருகிறது. அந்த வரம்புக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் குளிர் சொல்கிறது.

ரோபஸ்டா வேறு இனம், அதன் வரைபடமும் வேறு. 24 முதல் 26 டிகிரி வரையான வெப்பத்திலும் அது மகிழ்ச்சியாகக் காய்க்கும். காஃபீன் அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம் என்றால் இதில் 2.2 அளவில் இருக்கும். சர்க்கரை குறைவு, கசப்பும் கனமும் அதிகம். வியட்நாமின் மத்திய மேட்டுநில ரோபஸ்டாவும், விக்டோரியா ஏரியை ஒட்டி 1,100 மீட்டருக்கு மேல் விளையும் உகாண்டா ரோபஸ்டாவும் ஒன்றல்ல. பின்னதில் கரடுமுரடு குறைவு.

இடத்துக்கே உரிய குறைகளும் உண்டு. ருவாண்டா, புருண்டி காபிகளில் எப்போதாவது ஒரு கோப்பை மட்டும் பச்சை உருளைக்கிழங்குத் தோல் போல நாறும். அன்டெஸ்டியா என்ற நாவாய்ப்பூச்சி பழத்தைத் துளைப்பதோடு தொடர்புடையது இது. நாற்றத்துக்குக் காரணமான ஐசோபுரோப்பைல் மெத்தாக்சிபைரசின் மிகச் சிறு அளவிலேயே மூக்கில் ஏறும். ஒரே ஒரு கொட்டை போதும். பார்வையால் கண்டுபிடிப்பது கடினம். வீட்டில் இப்படி நாறினால் பொதியைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தக் கோப்பையைக் கொட்டிவிட்டு மறுபடி அரைத்தால் அடுத்தது அருமையாக இருக்கும். பிரேசிலின் சில பகுதிகளில் "ரியோ சுவை" என்று மருந்து நெடி வரும். டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் அதற்குக் காரணம். இதற்கு மறு அரைப்பு உதவாது, அந்தச் சரக்கே அப்படித்தான்.

இவற்றையெல்லாம் நம்பச் சொல்லவில்லை; சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு வேறுபாடு மட்டும் உள்ள இரண்டு காபிகளை எடுங்கள். முதல் சோதனைக்கு எத்தியோப்பியாவின் ஒரே பகுதியில் விளைந்த, கழுவிய கொட்டையும் முழுசாகக் காய்ந்த கொட்டையும் போதும். இரண்டாவதற்கு, கழுவிய கென்யாவும் கழுவிய கௌதமாலாவும். இரண்டும் ஒரே அளவு இளவறுப்பாக, வறுத்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் இருக்க வேண்டும். எண்ணெய் மின்னும் கருவறுப்பில் இடத்தின் அடையாளம் கருகிப்போயிருக்கும். அங்கே ஒப்பிட ஒன்றுமில்லை. 200 மில்லி தண்ணீருக்கு 11 கிராம் என்று எடை போடுங்கள். கரண்டிக் கணக்கு உதவாது, ஏனெனில் அடர்ந்த கொட்டை அதே கரண்டியில் அதிகம் எடை காட்டும். காகித வடிகட்டிக்கு அரைப்பதைவிடச் சற்றுக் கொரகொரப்பாக அரையுங்கள். ஒவ்வொன்றையும் அரைக்குமுன் அதே கொட்டை நான்கைந்தை ஓட்டி எறிந்துவிட்டால் முந்தைய தூள் கலக்காது. 93 டிகிரி நீரை ஊற்றி 4 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். மேலே திரண்ட படலத்தைக் கரண்டியின் முதுகால் மும்முறை தள்ளி, மூக்கை அருகில் வைத்து முகருங்கள். நுரையை வழித்தெடுத்துவிட்டு, ஊற்றியதிலிருந்து 10 நிமிடமாவது காத்திருந்து, கரண்டியால் சத்தம் வர உறிஞ்சுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 70 டிகிரியில் ஒருமுறை, 55இல் ஒருமுறை, கோப்பை ஆறி 40க்கு வந்தபின் ஒருமுறை பாருங்கள். புளிப்பின் தன்மையும் மறைந்திருந்த குறையும் ஆறியபின்தான் வெளிப்படும். எது எந்தக் கோப்பை என்பதை வேறொருவர் அடியில் குறித்து வைத்தால் வாய்பாடு நாக்கை ஆட்டிவைக்காது.

இதில் அடிக்கடி ஏமாற்றுவது தண்ணீர். பைகார்பனேட் மிகுந்த நீர் காபியின் அமிலத்தை நடுநிலைப்படுத்திவிடும். கென்யாவும் பிரேசிலும் ஒரே தட்டைச் சுவையாகிவிடும். காரத்தன்மை லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில் இருப்பது ஏற்றது. கெட்டிலில் வெள்ளைப் படிவு சீக்கிரம் கட்டுகிறதென்றால் அந்த நீரில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துப் பாருங்கள். வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் சோதிக்க வேண்டாம். தாதுக்களே இல்லாத நீரில் சுவை விகாரமாகும். இன்னொரு பொறி, அரைப்பு. ஒன்றைப் பெரிதாக அரைத்துவிட்டால் சாறு குறைவாக இறங்கி வெறும் புளிப்பு மிஞ்சும். அதை "ஆப்பிரிக்கப் புளிப்பு" என்று நினைத்துக்கொள்வோர் பலர். இனிப்போடு வரும் புளிப்புதான் இடத்துடையது. நாக்கைக் கூசவைத்து உப்புக் கரிப்போடு நிற்பது அரைப்பின் தவறு.

பழைய சரக்கும் இடத்தை மறைக்கும். எத்தியோப்பியாவில் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை, பிரேசிலில் மே முதல் செப்டம்பர் வரை பறிப்பு நடக்கிறது. பறித்து ஓராண்டு தாண்டிய பச்சைக் கொட்டை எந்த நாட்டினதாயினும் மரத்தூளும் சாக்குப்பையுமாகவே ருசிக்கும். வறுத்த தேதி புதிதாக இருப்பதால் அறுவடையும் புதிது என்று ஆகாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். காபி பற்றிய செய்தியோ அறிமுகமோ வெளியிடும்போது நாட்டின் பெயரோடு நின்றுவிடாமல், மாவட்டம், உயரம், ரகம், கழுவியதா முழுசாகக் காய்ந்ததா, அறுவடை மாதம் ஆகியவற்றையும் கேட்டு அச்சிடுங்கள். ஐந்தில் மூன்றுதான் கிடைக்கும் என்றால், உலர்த்திய முறையையும் ரகத்தையும் அறுவடை மாதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
காபி ருசி பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட வாசகர்கள் சிலர்